கேம்பிரியன் பெருக்கமும் பரங்கிப்பேட்டைக் கழிமுகமும்

வெள்ளாறு வங்கக் கடலொடு கலக்கும் பரங்கிப்பேட்டைக் கடற்பகுதியில், மணல் கலந்த சேற்றினுள் லிங்குலா என்னும் சிற்றுயிர் ஒன்று வாழ்கிறது. பார்வைக்கு அது மட்டியைப் போன்றது. பசுமை படர்ந்த பழுப்பு நிறத்தில் நாக்கின் வடிவுடைய இரண்டு மெல்லிய ஓடுகள்; அவற்றின் பின்புறத்திலிருந்து புழுப்போல் நீளும் ஒரு தசைக்காம்பு. சேற்றில் செங்குத்தாகத் துளையிட்டுக் காம்பினால் அடியை ஊன்றிக்கொண்டு, ஓடுகளின் முனையைச் சற்றே திறந்து, நீரில் மிதந்து வரும் நுண்துகள்களை வடித்துண்டு அது உயிர் வாழ்கிறது. 1973ஆம் ஆண்டு 'கரண்ட் சயன்ஸ்' என்னும் அறிவியல் இதழ், பரங்கிப்பேட்டை நீர்ப்பரப்பில் லிங்குலாக்கள் பெருந்திரளாக மடிந்த செய்தியை ஓர் ஆய்வுக் குறிப்பாக வெளியிட்டது. இவ்வூரின் பெயரைச் சீறாப்புராண வரலாற்றில், உமறுப் புலவரை ஆதரித்த அபுல் காசிம் மரைக்காயரின் ஊராக அறிந்திருக்கும் தமிழ் மாணவர்களுக்கு, உயிரியல் உலகிலும் இதற்கு ஓர் இடம் உண்டென்பது புதுச்செய்தியாக இருக்கலாம்.

மட்டிக்கும் லிங்குலாவுக்கும் உள்ள ஒற்றுமை புறத்தோற்ற அளவில் நின்றுவிடுவது. மட்டியின் இரண்டு ஓடுகள் அதன் உடலுக்கு வலப்புறமும் இடப்புறமுமாக அமைந்தவை. லிங்குலாவின் ஓடுகளோ முதுகுப்புறம் ஒன்றும் வயிற்றுப்புறம் ஒன்றுமாக அமைந்தவை. மட்டியின் ஓடு சுண்ணாம்பால் ஆனது. லிங்குலாவின் ஓடு, நம் எலும்பைப் போலக் கால்சியம் பாஸ்பேட்டால் ஆனது. எனவே விலங்கியலார் மட்டியை மெல்லுடலிகள் என்னும் தொகுதியிலும், லிங்குலாவைப் பிராக்கியோபோடா என்னும் வேறொரு தொகுதியிலும் வைக்கின்றனர். தொகுதி என்பது ஈண்டு உடலமைப்பின் அடிப்படைத் திட்டத்தைக் குறிக்கும். வீட்டிற்கு வீடு வண்ணமும் வாயிலும் வேறுபடலாம். அடித்தள வரைபடம் ஒன்றாயின் அவை ஒரு தொகுதி எனக் கொள்க.

இவ்விளக்கத்தை மனத்தில் இருத்திக்கொண்டு, முடசல் ஓடையிலோ அன்னங்கோயிலிலோ காலையில் கரையேறும் வலையொன்றைப் பார்ப்போமாயின் வியப்பே மிகும். நண்டும் இறாலும் கணுக்காலிகள். சங்கும் சிப்பியும் கணவாயும் மெல்லுடலிகள். வலையில் சிக்கி மீனவர் கையை அரிக்கச் செய்யும் சொறி, குழியுடலி. நட்சத்திர மீன் முட்தோலி. சில வேளை ஒட்டிக்கொண்டு வரும் கடற்பஞ்சு துளையுடலி. சேற்றில் நெளியும் வளையுடற் புழுக்கள் ஒரு தொகுதி. விலைபோகும் மீனும், அதனை விலைபேசும் மனிதரும் முதுகுநாண் உள்ளவற்றுள் அடங்குவர். இத்தனை தொகுதிகளும் எப்போது தோன்றின? பாறைகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் இவ்வினாவிற்கு அளித்த விடை, கடந்த இருநூறு ஆண்டுகளாக அறிஞரைத் தடுமாறச் செய்து வந்துள்ளது. இவற்றுள் பெரும்பாலானவற்றின் தெளிவான எச்சங்கள், புவியின் நெடிய வரலாற்றில் மிகக் குறுகியதோர் இடைவெளியில், ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கும் 51 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பாறைகளில், அடுத்தடுத்துத் தோன்றுகின்றன என்பதே அவ்விடை. அதற்கு முற்பட்ட பாறைகளிலோ அவற்றைக் காண்பது அரிது.

இக்காலத்தைக் கேம்பிரியன் என்பர். இங்கிலாந்தின் ஆதம் செட்ஜ்விக் என்னும் நிலவியலார் 1835இல் வேல்சு நாட்டுப் பாறைகளை ஆராய்ந்து, அந்நாட்டின் பழைய இலத்தீன் பெயரான கேம்பிரியா என்பதைக் கொண்டு இப்பெயரை இட்டார். இன்றைய கணக்கின்படி அது 53 கோடியே 88 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அத்தொடக்கத்தைக் குறிக்கும் இடமாகக் கனடாவின் நியூபவுண்ட்லாந்துத் தீவில் ஒரு பாறைமுகட்டை 1992இல் பன்னாட்டு நிலவியலார் ஏற்றனர். அங்கே அடையாளமாகக் கொள்ளப்பட்டது ஓர் எலும்போ ஓடோ அன்று; ஏதோவொரு புழு சேற்றில் மேலும் கீழுமாக ஊர்ந்து துளைத்துச் சென்ற தடம். உடல் அழிந்தது, ஊர்ந்த வழி நின்றது.

டார்வின் கொண்ட ஐயம்

உயிரினங்களின் தோற்றம் பற்றிய தம் நூலை 1859இல் வெளியிட்ட சார்லசு டார்வின், இச்சிக்கலை மறைக்காமல் எடுத்துரைத்தார். அந்நாளில் கேம்பிரியன் என்ற பிரிவு அனைவராலும் ஏற்கப்படவில்லை. ஆகவே அவர் சைலூரியன் என்றே எழுதினார். உயிர்கள் படிப்படியாக மாறி வந்தன என்னும் தம் கொள்கை உண்மையாயின், ஓடுடைய விலங்குகள் தோன்றுவதற்கு முன்பும் நெடுங்காலம் கடல்களில் உயிர்கள் நிறைந்திருந்திருத்தல் வேண்டும். அவற்றின் எச்சங்கள் எங்கே? இதற்குத் தம்மால் நிறைவான விடை கூற இயலவில்லை என அவரே ஒப்புக்கொண்டார். மிகப் பழைய விலங்குகளுள் இன்றைய உயிர்களினின்று அதிகம் வேறுபடாதவை சில உள என அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, நம் கழிமுகத்து லிங்குலாவே.

டார்வின் கண்ட தற்காலிக அமைதி, பாறைப் பதிவு குறையுடையது என்பதாகும். தமிழ்த்துறை மாணவர்க்கு இதனை விளக்கச் சிதம்பரத்திற்கு அப்பால் செல்ல வேண்டியதில்லை. தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக்கிடந்த தேவார ஏடுகளைச் சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது, பெரும்பகுதியைச் செல் அரித்துவிட்டிருந்தது என்பது திருமுறைகண்ட வரலாறு கூறும் மரபு. இன்று நம் கையில் உள்ளவை ஏறத்தாழ 800 பதிகங்களே. எஞ்சியவற்றை மட்டும் கொண்டு, மூவரும் இத்தனைதான் பாடினர் என எவரும் முடிவு கட்டுவதில்லை. மற்றொரு செய்தி இதனினும் சுவையானது. ஏடுகளில் காணப்படாத சம்பந்தர் பதிகம் ஒன்று, திருவிடைவாய்க் கோயிலின் கல்வெட்டில் கண்டெடுக்கப்பட்டது. ஓலை கைவிட்டதைக் கல் காத்தது. தொல்லுயிரியலாரின் நிலையும் இதுவே. மென்மையான உடல், ஓலையைப் போல் விரைவில் அழியும். ஓடும் எலும்பும் கல்வெட்டைப் போல் நிலைக்கும். ஓடில்லாத உயிர்கள் எத்தனை கோடி வாழ்ந்திருந்தாலும் அவற்றின் சுவடு கிடைப்பது திருவிடைவாய்ப் பதிகம் கிடைத்தது போன்ற அருமையான வாய்ப்பு.

ஆயினும் ஒன்று கூறவேண்டும். செல் அரித்த கதையை எல்லாவற்றிற்கும் விடையாக்குவது எளிது, ஆனால் முறையன்று. ஒரு காலத்து நூல் கிடைக்கவில்லை என்றால் அழிந்துபோயிருக்கலாம், இயற்றப்படாமலும் இருந்திருக்கலாம். இரண்டில் எது என்பதைச் சான்றே முடிவு செய்ய வேண்டும். டார்வினுக்குப் பின் வந்தோர் ஒரு நூற்றாண்டிற்கு மேல் தேடியது அச்சான்றையே.

எடியகராவும் செங்சியாங்கும்

1946இல் ரெசினால்ட் ஸ்பிரிக் என்னும் இளம் நிலவியலார், தென் ஆசுதிரேலியாவின் எடியகரா குன்றுகளில், மணற்பாறையின் மேல் வட்டவட்டமாகவும் இலை வடிவாகவும் பதிந்த அடையாளங்களைக் கண்டார். அவை மென்னுடல் உயிர்களின் பதிவுகள். இங்கிலாந்திலும், உருசியாவின் வெண்கடற்கரையிலும், நமீபியாவிலும், நியூபவுண்ட்லாந்திலும் அவற்றை ஒத்தவை கிடைத்துள்ளன. கேம்பிரியனுக்கு முற்பட்ட அக்காலப்பிரிவிற்கு 2004இல் எடியகரன் என்று பெயர் சூட்டப்பட்டது. அவற்றுள் டிக்கின்சோனியா என்பது, வரிவரியாக மடிப்புடைய நீள்வட்டத் தட்டுப் போன்றது. விலங்கா, பாசியா, காளானா என்று நெடுநாள் வழக்கு நடந்தது. 2018இல் வெண்கடற்கரையிலிருந்து கிடைத்த, ஏறத்தாழ 55 கோடியே 80 இலட்சம் ஆண்டுப் பழமையான படிவமொன்றில் கொலஸ்டிரால் மூலக்கூறின் எச்சம் கண்டறியப்பட்டது. விலங்குகளுக்குரிய கொழுப்பு அது. ஆக, கேம்பிரியன் தொடங்குமுன்பே விலங்குகள் இருந்தன. எடியகரன் காலத்தின் இறுதியில் கிளவுடினா என்னும் சிறு குழாய் ஓடுகளும் தோன்றின. சீனத்தில் கிடைத்த சில கிளவுடினாக் குழாய்களில், ஏதோவொன்று இரைக்காகத் துளையிட்ட ஓட்டைகளும் காணப்பட்டன. உண்போரும் உண்ணப்படுவோரும் அப்போதே இருந்தனர்.

மறுபுறம், கேம்பிரியன் காலத்து மென்னுடல் உயிர்களையும் அரிய வாய்ப்பாகச் சில பாறைகள் காத்துவைத்திருந்தன. 1909இல் அமெரிக்க அறிஞர் சார்லசு வால்காட், கனடாவின் ராக்கி மலையில் பர்ஜஸ் களிப்பாறையைக் கண்டார். அதன் வயது ஏறத்தாழ 50 கோடியே 80 இலட்சம் ஆண்டுகள். அவர் திரட்டிய மாதிரிகள் 65,000க்கும் மேற்பட்டவை. அதனினும் ஒரு கோடி ஆண்டு மூத்த செங்சியாங் படிவங்களை, சீனத்தின் யூனான் மாநிலத்தில் ஹௌ சியன்குவாங் 1984இல் கண்டறிந்தார். குடலும் கண்ணும் நரம்பும் பதிந்த கற்கள் அவை. மீன்களின் மிகப் பழைய உறவினவாகிய விரலளவுச் சிற்றுயிர்களும் அங்கிருந்தே 1999இல் அறிவிக்கப்பட்டன. லிங்குலாவின் தொல்லுறவினரும், நீண்ட காம்பு கெடாமல், அங்கே கல்லில் பதிந்துள்ளனர்.

இக்கற்களைப் படிப்பது எளிதன்று என்பதற்கு அனோமலோகாரிஸ் வரலாறே சான்று. கனடாவில் கிடைத்த ஒரு வளைந்த கணுவுடைய உறுப்பு 1892இல் அறிவிக்கப்பட்டது. அது தலையில்லாத இறாலின் உடல் என்றார் ஓர் அறிஞர். நடுவில் துளையுள்ள வட்டத் தட்டொன்றை வால்காட் 1911இல் அறிவித்தார். அது சொறி என்றார் அவர். மற்றொரு நசுங்கிய உடலைக் கடல் வெள்ளரி என்றார். 1985இல் விட்டிங்டனும் பிரிக்சும் இவை வெவ்வேறு உயிர்கள் அல்ல, ஒருவகைப் பெருவிலங்கின் உறுப்புகளே என நிறுவினர். இறாலுடல் எனப்பட்டது இரையைப் பற்றும் கை. சொறி எனப்பட்டது வாய். கடல் வெள்ளரி எனப்பட்டது உடல். சிதைந்த ஏடுகளை மூன்று நூல்களாக எண்ணி வைத்திருந்து, பின்னொருவர் வந்து அவை ஒரே நூலின் பகுதிகள் எனக் காட்டினால் எப்படியிருக்கும்! பதிப்பாசிரியர் பணியும் தொல்லுயிரியலார் பணியும் ஒன்றற்கொன்று அயலானவை அல்ல என்பதை இதனால் உணரலாம்.

'வெடிப்பு' என்னும் சொல்

இந்நிகழ்வை ஆங்கிலத்தார் வெடிப்பு என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குகின்றனர். தமிழிலும் 'கேம்பிரியன் வெடிப்பு', 'கேம்பிரியன் பெருவெடிப்பு' என எழுதுவோர் உளர். இரண்டாவது தொடர் முற்றிலும் விலக்கத்தக்கது. பெருவெடிப்பு என்பது அண்டத்தின் தோற்றத்திற்கு உரிய கலைச்சொல்லாக நிலைபெற்றுவிட்டது. இரண்டையும் கலந்தால் மாணவர் குழம்புவர். முதல் தொடரும் பொருந்தவில்லை என்பதே என் கருத்து. வெடிப்பு என்றதும் தீபாவளி வெடியும் கல்லுடைக்கும் வெடியும் நினைவுக்கு வருகின்றன. கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழ்ந்து முடிவது என்னும் எண்ணமும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

உண்மை என்ன? கேம்பிரியனின் தொடக்கத்தில் காணப்படுபவை தடங்களும், மணலளவுச் சிற்றோடுகளுமே. மூன்று மடல் உடலும் பன்முகக் கண்ணும் உடைய டிரைலோபைட்டுகள் தோன்றுவது ஏறத்தாழ 52 கோடியே 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்புதான். அதாவது தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கோடியே எண்பது இலட்சம் ஆண்டுகள் கழித்து. செங்சியாங் அதற்கும் பிற்பட்டது. எடியகரன் உயிர்களையும் சேர்த்தால் காலம் மேலும் விரியும். மரபணு வேறுபாடுகளைக் கொண்டு கணிப்போர், விலங்குகளின் பொது மூதாதையை இன்னும் பல கோடி ஆண்டுகள் முன்தள்ளி வைக்கின்றனர். புவியின் வயது 450 கோடி ஆண்டுகளுக்கு மேல் என்பதோடு ஒப்பிட்டால் இரண்டு கோடி ஆண்டு சிறிதுதான். நிலவியலார் விரைவு என்பது அப்பொருளில். மனிதன் எனத்தக்க இனங்களின் வரலாறு முழுவதையும் அவ்விரண்டு கோடிக்குள் பலமுறை அடக்கிவிடலாம்.

'பல்கிப் பெருக்கம்' அல்லது சுருக்கமாகக் 'கேம்பிரியன் பெருக்கம்' என்பதே தகும். பல்குதல் வகையால் மிகுதலையும், பெருகுதல் அளவால் மிகுதலையும் சுட்டும். வெள்ளம் பெருகுவதும் விரைவாகவே நிகழ்கிறது. ஆனால் அதற்கு மேற்கே பெய்த மழை ஒன்று உண்டு என்பதை வெள்ளாற்றங்கரையார்க்கு எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மேடைகளிலும் துண்டு வெளியீடுகளிலும் இந்நிகழ்வு இருதிறத்தாராலும் கருவியாக்கப்படுகிறது. ஒருசாரார், எல்லா உயிரும் ஒரே நொடியில் தோன்றின எனக் கற்கள் காட்டுகின்றன என்பர். மற்றொரு சாரார், இதில் வியப்பதற்கு ஒன்றுமேயில்லை என்பர். இருவரும் கற்கள் கூறாததைக் கூறுகின்றனர். மாணவர் எந்நிலைப்பாட்டினராயினும், சான்று எதுவரை செல்கிறதோ அதுவரை மட்டும் உடன் செல்லும் பழக்கம் வேண்டும். தொல்காப்பிய மரபியலைக் கொண்டு இதற்கு உரைகாண முயல்வோர்க்கும் இது பொருந்தும். அங்கே நண்டும் தும்பியும் நாலறிவுயிர் என ஓரினமாக வைக்கப்பட்டுள்ளன; இன்றைய விலங்கியலும் அவ்விரண்டையும் கணுக்காலிகளாக ஒரு தொகுதியில் வைக்கிறது. மகிழத்தக்க ஒற்றுமை! ஆனால் தொல்காப்பியர் பகுத்தது புலனறிவின் அடிப்படையில். விலங்கியலார் பகுப்பது உடலமைப்பின் அடிப்படையில். ஒன்றை மற்றொன்றாக்க வேண்டுவதில்லை.

பெருக்கத்திற்குக் காரணம் ஒன்றா பலவா என்பதில் இன்னும் கருத்தொற்றுமை இல்லை. கடல்நீரில் உயிர்வளி மிகுந்தது என்பர் சிலர். பெரிய உடலுக்கும் விரைந்த இயக்கத்திற்கும் அது இன்றியமையாதது. வேட்டையாடும் விலங்குகள் தோன்றியதும், தப்பிப் பிழைக்க ஓடும், ஒளிய வளையும், காணக் கண்ணும் தேவையாயின என்பர் வேறு சிலர். உடலின் தலை, நடு, வால் என்னும் ஒழுங்கை வகுக்கும் மரபணுக்கள் அதற்கு முன்பே அமைந்துவிட்டிருந்தமையையும் கருத வேண்டும். புழுக்கள் சேற்றைக் கிளறியதால் கடலடியின் தன்மையே மாறியது என்பதும் ஒரு காரணமாகும். இவை ஒன்றையொன்று தூண்டியிருத்தல் கூடும்.

நம் மண்ணில் ஏன் இல்லை?

கடலூர் மாவட்டத்துப் பாறைகளில் இக்காலத்துப் படிவங்கள் கிடைக்குமா என மாணவர் வினவலாம். கிடைக்கா. கடலூரின் கேப்பர் மலைச் செம்மணற்பாறையும், நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், அண்டை மாவட்டமாகிய விழுப்புரத்துத் திருவக்கரையின் கல்மரங்களும் கேம்பிரியனை நோக்க மிக இளையவை. விருத்தாசலம் பகுதியிலும், அதற்கு அப்பால் அரியலூரிலும், கடல் உள்நாடு புகுந்திருந்த காலத்தின் அம்மோனைட்டுச் சுருள்கள் கிடைக்கின்றன. கேயி, கன்லிப் என்னும் இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டியவற்றை எட்வர்டு போர்ப்சு 1846இலேயே விரித்தெழுதினார். அவ்வகையில் விருத்தாசலத்தின் பெயர் உலகத் தொல்லுயிரியலில் பழம்பெயர். ஆயினும் அக்கடல் பத்துக் கோடி ஆண்டு அளவிலானதே. கேம்பிரியன் காலம் பிறந்த வேளையில், மதுரையைச் சூழ்ந்த தென் தமிழகத்துப் பாறைகள் நிலத்தின் ஆழத்தில் கடுவெப்பத்தில் வெந்து உருமாறிக்கொண்டிருந்தன. அங்கே கடலும் இல்லை, கடலுயிரும் இல்லை.

படிவங்கள் இருப்பது வடக்கே. இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பகுதியில் எச்.எச். ஹேடன் திரட்டிய டிரைலோபைட்டுகளை ரீடு என்பார் 1910இல் நூலாக்கினார். இன்று பாக்கித்தானில் உள்ள உப்புமலைத் தொடரின் கேம்பிரியன் உயிர்களை அதற்கு முன்பே, 1899இல், ரெட்லிக் எழுதினார். அவர் பெயராலேயே ரெட்லிக்கியா என ஒரு டிரைலோபைட்டுப் பேரினம் வழங்குகிறது. அம்மலையின் கேவ்ரா உப்பு, எடியகரனும் கேம்பிரியனும் சந்திக்கும் காலத்தில் வற்றிய கடலொன்றின் உப்பாகும். அந்நிலத்து உப்பையே நம் நாட்டு மருத்துவர் இந்துப்பு என வழங்கி வந்தனர்.

முசௌரிக்கு அருகே மால்தேவதாவின் பாஸ்பேட்டுப் பாறையிலிருந்து நுண்படிவங்களை 1981இல் அறிவித்தவர்களுள் முதன்மையானவர், தேராதூனில் உள்ள வாடியா இமாலய நிலவியல் நிறுவனத்தைச் சார்ந்த ரஃபத் ஜமால் அஸ்மி. தால் எனப்படும் அப்பாறை வரிசை அதுவரை மிகப் பிற்காலத்தது எனக் கருதப்பட்டு வந்தது. அவர் கண்ட படிவங்களும், அதன் வழி நடந்த ஆய்வுகளும் அதனைக் கேம்பிரியனின் தொடக்கத்திற்குக் கொண்டுசென்றன. பல கோடி ஆண்டுகள் ஒரே வீச்சில் திருத்தப்பட்டன.

அவர் பெயர் உலகறியப் பேசப்பட்டது வேறொரு வழக்கினால். 1998இல் செருமானிய அறிஞர் செய்லாக்கர், இந்தியாவின் போஸ் ஆகியோர் அடங்கிய குழுவினர், மத்தியப் பிரதேசத்து விந்தியப் பாறையில் புழுக்கள் துளைத்த தடங்களைக் கண்டதாகவும், அவை 100 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்றும் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். அது மெய்யாயின் விலங்குகளின் வரலாறு ஒரே நாளில் இரட்டிப்பாகும். அதே ஆண்டில் அஸ்மி, அதே விந்தியத்தின் கீழ்ப்பகுதிச் சுண்ணப்பாறையில் தாம் கண்டவை கேம்பிரியன் சிற்றோடுகளை ஒத்துள்ளன என்றும், ஆகவே அப்பாறையே 54 கோடி ஆண்டு அளவினது என்றும் அறிவித்தார். ஒரே மலையைப் பற்றி இரண்டு கூற்றுகள்; ஒன்று உண்மையாயின் மற்றொன்று வீழும். அஸ்மியின் படிவங்கள் மெய்யானவைதாமா என்ற ஐயமும் எழுந்தது. ஓர் ஆய்வாளர்க்கு அதனினும் கொடியது பிறிதில்லை.

2002இல் அப்பாறை அடுக்குகளிடையே உள்ள எரிமலைச் சாம்பலின் வயது கணிக்கப்பட்டது. விடை 160 கோடி ஆண்டுகள். இருவர் கூற்றும் ஒருங்கே தளர்ந்தன. அத்துணைப் பழங்காலத்தில் துளைக்கும் புழுவை ஏற்பது அரிதாயிற்று. அத்தடங்கள் விலங்கு இட்டவை அல்ல என்னும் கருத்து வலுப்பெற்றது. பாறை கேம்பிரியன் என்பதும் போயிற்று. எஞ்சிய வினா ஒன்றே: அஸ்மி கண்டவை எவை? சுவீடனின் பெங்ட்சன் தலைமையிலான குழுவினர் புதிதாக மாதிரிகள் எடுத்து ஆராய்ந்து, 2009இல் தம் முடிவை வெளியிட்டனர். படிவங்கள் மெய்யானவையே, அஸ்மி கண்ட வடிவங்கள் அங்கே உள்ளன. ஆனால் அவை விலங்குகள் அல்ல. வளையமிட்ட குழாய்கள் பாசி போன்ற இழையுயிர்களின் எச்சம். கருவுருண்டை எனப்பட்டவை, நுண்ணுயிர்ப் படலத்தில் சிக்கிய வளிக் குமிழிகள். வயது, படிவம் தாங்கிய பாறையையே நேரில் கணித்ததில், 165 கோடி ஆண்டு அளவு. கண்டவர் கண்டது சரி. கொண்ட பொருள் வேறு.

விந்தியப் பகுதியில் இத்தகைய வழக்கு மீண்டும் ஒருமுறை நேர்ந்தது. பீம்பேட்கா குகைக் கூரையில் டிக்கின்சோனியாப் படிவம் கண்டதாக 2021இல் செய்தி பரவியது. அது உதிர்ந்த தேனடையின் கறை என 2023இல் காட்டப்பட்டது. முதலில் எழுதிய ரெட்டலாக்கும் அதனை ஏற்றுக்கொண்டார். இது விரைவில் முடிந்த வழக்கு.

அஸ்மியின் வழக்கோ வேறுவிதமாக முடிந்தது. சித்திரகூடத்துப் பாறையை மேலும் ஆராய்ந்த அதே பெங்ட்சன் குழுவினர், அவ்விழைகளுள் சில சிவப்புப் பாசிகளாகக் கருதத்தக்கவை என 2017இல் எழுதினர். அது நிலைக்குமாயின், அறியப்பட்ட சிவப்புப் பாசிகளுள் மிகப் பழையவை அவையே; 160 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அப்பாசிகளுள் ஒன்றிற்கு அவர்கள் இட்ட பெயர் 'ரஃபத்தாஸ்மியா சித்திரகூடென்சிஸ்'.